கவச உடைக்குள் ஏறும் வெப்பம்

1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு அருகே ஜெர்மானியப் படை குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. காக்கவேண்டியது மூச்சைத்தான் என்று அப்போது எல்லோரும் நினைத்தார்கள், முகமூடிகள் பெருகின. 1917 ஜூலையில் அதே போர்முனைக்குக் கடுகு வாயு வந்து அந்த நினைப்பைக் குலைத்தது. எண்ணெய்ப் பசையுள்ள இந்த நஞ்சு சீருடைத் துணியை ஊடுருவித் தோலைத் தொடும். தொட்டவுடன் வலிக்காது, சில மணி நேரம் கழித்தே தோல் சிவந்து கொப்புளிக்கும். அக்குள், தொடையிடுக்கு போன்ற வியர்வை கசியும் இடங்களில் புண் கடுமையாகும். காய்ச்சிய ஆளி விதை எண்ணெய் ஊட்டிய துணியில் உடை தைத்துப் பார்த்தார்கள். நஞ்சு உள்ளே போகவில்லை. வியர்வையும் வெளியே வரவில்லை.

அந்தச் சிக்கல் இன்னும் தீரவில்லை. வேதிப் பாதுகாப்பு உடையின் தரத்தை, அது நஞ்சை எத்தனை மணி நேரம் தடுக்கும் என்பதை வைத்தே பேசுகிறோம். அணிந்தவர் எவ்வளவு நேரம் உழைக்க முடியும் என்ற கணக்கு மருத்துவக் கையேட்டுக்குப் போய்விடுகிறது. வெப்ப நாட்டுப் படைகளுக்கு இந்த இரண்டாம் கணக்குதான் முதன்மையானது.

பொறியியல் நோக்கில் முன்னேற்றம் உண்மையே. செயலூட்டப்பட்ட கரியின் ஒரு கிராமில் ஏறக்குறைய 1,000 சதுர மீட்டர் மேற்பரப்பு இருக்கும்; நச்சாவி அதில் ஒட்டிக்கொள்ளும், காற்றும் நீராவியும் கடந்து போகும். பிரிட்டனின் போர்ட்டன் டவுன் ஆய்வகம் இந்தக் கரியைத் துணியில் சேர்த்த உடையை வளர்த்தெடுத்தது. 1990களின் இறுதியில் அமெரிக்கா வழங்கத் தொடங்கிய ஜேஎஸ்லிஸ்ட் உடையில் நுண்ணிய கரி உருண்டைகள் பதிந்துள்ளன. உறையைப் பிரித்தபின் 45 நாள் அணியலாம். நஞ்சு பட்டால் 24 மணி நேரம் காக்கும்.

ஆனால் சட்டையும் காற்சட்டையும் கவசத்தின் ஒரு பகுதிதான். அமெரிக்கப் படையின் எச்சரிக்கை நிலைகளில் முதல் நிலைக்கு மேலுடை, இரண்டாவதற்குக் காலணி மேலுறை, மூன்றாவதற்கு முகமூடி, நான்காவதற்குக் கையுறை. முகமூடியை 9 நொடிக்குள் மாட்டி முடிக்கவேண்டும். பியூட்டைல் ரப்பர் கையுறை மூன்று தடிமன்களில் வருகிறது: பொதுவேலைக்கு ஏறத்தாழ 0.64 மில்லிமீட்டர், விமானிகளுக்கும் பழுதுபார்ப்பவர்களுக்கும் 0.36, மருத்துவர் போன்று விரல்நுனி உணர்வு தேவைப்படுவோருக்கு 0.18. நுட்பமான வேலை வேண்டுமென்றால் உறுதியில் விட்டுக்கொடுக்கவேண்டும் என்பதை இந்த வரிசையே ஒப்புக்கொள்கிறது. காற்று புகும் துணியைச் சுற்றி ரப்பரும் முகமூடியும் சேர்ந்துவிட்டால், உடல் வெப்பம் வெளியேறும் வழி குறுகிவிடுகிறது.

அமெரிக்க இராணுவத்தின் வெப்பக் கையேடு இதை எண்ணாகவே தருகிறது. முழுக் கவசத்தில் இருப்பவருக்கு, காற்றின் ஈரத்தையும் வெயிலையும் சேர்த்து அளக்கும் வெப்பக் குறியீட்டில், இலேசான வேலைக்கு 10 பாரன்ஹீட் பாகையும், நடுத்தர அல்லது கடும் வேலைக்கு 20 பாகையும் கூட்டவேண்டும்.

இங்கேதான் உத்திசார்ந்த விளைவு தலைகாட்டுகிறது. 2003 மார்ச்சில் குவைத்திலிருந்து ஈராக்குக்குள் நுழைந்த படையினர் கரியுடையுடனேயே முன்னேறினார்கள். வேதித் தாக்குதல் நடக்கவே இல்லை. நஞ்சு இருக்கலாம் என்ற ஐயமே எதிரிப் படையைக் கனத்த உடைக்குள் தள்ளி, வேகத்தையும் உழைப்பையும் குறைக்கப் போதுமானது.

உயிருக்கு முன் வியர்வை பெரிதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஈராக்குடனான போரில் ஈரானுக்கு எதிராகக் கடுகு வாயுவும் டாபுன் நரம்பு நஞ்சும் பயன்படுத்தப்பட்டதை 1984இல் ஐ.நா. வல்லுநர் குழு உறுதிசெய்தது. கவசமில்லாதவர்கள் கொடுத்த விலை தெரிந்ததே. எனவே உடையைக் கைவிடச் சொல்வது வாதமன்று.

வெப்பமும் நஞ்சும் கைகோக்கும் என்பது புதுச் செய்தியும் அல்ல. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த சோதனைகள், வெப்பமண்டலத்தில் கடுகு வாயு கூடுதலாகத் தாக்குவதைக் காட்டின. அதற்கு முன்பே, 1930களில் தொடங்கி, ராவல்பிண்டியில் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் இந்தியச் சிப்பாய்களை அரைக்காற்சட்டையும் பருத்திச் சட்டையுமாக அந்த வாயுவுக்கு உட்படுத்தினார்கள். சிலர் தீப்புண் போன்ற காயங்களோடு மருத்துவமனைக்குப் போனார்கள். இத்தனை உடல்களை வருத்திப் பெற்ற அறிவு உடையின் தர அளவுகோலில் இடம்பெறவேண்டும். இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் கான்பூர் ஆய்வகம் உருவாக்கியதும் காற்று புகும் வகை உடையே. அத்தகைய உடையை ஏற்கும்போது, நஞ்சைத் தாங்கும் மணிக்கணக்கோடு, மே மாத ராஜஸ்தான் வெயிலில் அதை அணிந்து எத்தனை நிமிடம் உழைக்கலாம், எவ்வளவு நேரம் ஓய்வு, எவ்வளவு தண்ணீர் என்பதையும் கொள்முதல் நிபந்தனையாகவே எழுதிவைக்கலாம்.