தம்ம தூதரும் சங்கத் தேரரும்: மேற்கு நோக்கிய பௌத்தப் பணியின் தொடக்கம்

பௌத்தம் மேற்குலகிற்குச் சென்ற வரலாற்றைக் கூறப் புகுவோர் பெரும்பாலும் அசோகனிலிருந்தே தொடங்குவர். சிரியாவுக்கும் எகிப்துக்கும் மசிடோனியாவுக்கும் அவன் பிக்குகளை அனுப்பினான் என்ற கூற்றுப் பாடநூல்களிலும் மேடைகளிலும் பன்முறை இடம்பெற்றுள்ளது. இதற்குரிய ஆதாரங்களைத் தனித்தனியே நோக்குமிடத்து, தோற்றத்திலும் நோக்கத்திலும் வேறுபட்ட இரு செய்திகள் ஒன்றாகப் பிணைக்கப்பட்டிருப்பதை நாம் காண்கின்றோம். ஒன்று அரசனின் சாசனம். மற்றது சங்கத்தாரின் வரலாற்று மரபு.

முதலிற் சாசனத்தை எடுத்துக்கொள்வோம். கலிங்கப் போரில் ஓர் இலட்சம் பேர் கொல்லப்பட்டதையும் ஒன்றரை இலட்சம் பேர் நாடு கடத்தப்பட்டதையும் குறிப்பிடும் பதின்மூன்றாம் பாறைச் சாசனம், தம்மத்தால் வரும் வெற்றியே தலையாயது என்கிறது. அவ்வெற்றி கிடைத்த இடங்களாக யோன அரசன் அந்தியோகனது நாட்டையும், அதற்கு அப்பால் துரமாய, அந்திகினி, மக, அலிகசுதர என்னும் நால்வரது நாடுகளையும் அது கூறுகிறது. இவர்கள் முறையே சிரியாவின் இரண்டாம் அந்தியோக்கஸ், எகிப்தின் இரண்டாம் தொலமி, மசிடோனியாவின் அந்திகோனஸ், சைரீனின் மகஸ், எபிரஸ் அல்லது கொரிந்தின் அலெக்சாந்தர் ஆவர். தெற்கே சோழர், பாண்டியர், தாம்பிரபர்ணி ஆகியோரும் அதே வாக்கியத்திலேயே எண்ணப்படுகின்றனர்.

ஆயின், இச்சாசனம் கூறும் தம்மம் யாது? 1958இல் கந்தகாரிற் கண்டெடுக்கப்பட்ட கிரேக்க-அரமேய இருமொழிச் சாசனம் இதற்குத் தெளிவான விடை தருகிறது. உயிர்க்கொலை தவிர்த்தல், பெற்றோருக்கும் மூத்தோருக்கும் பணிதல் என்பனவே அதன் பொருள். தம்மம் என்பதற்குக் கிரேக்கர் பொதுவான இறைபக்திக்கும் நல்லொழுக்கத்திற்கும் வழங்கிய 'யூசெபெய்யா' என்னும் சொல்லே அங்கு ஆளப்பட்டுள்ளது. புத்தரின் பெயரோ, சங்கமோ, நிர்வாணமோ அங்கில்லை. அசோகன் பௌத்தன் என்பதில் ஐயமில்லை. பைராத் சாசனத்திற் சங்கத்தாரை விளித்துப் பேசும்போது புத்தர், தம்மம், சங்கம் என்னும் மூன்றிலும் தனக்குள்ள பற்றை அவன் வெளிப்படையாகவே கூறுகிறான். எனவே, யோன மன்னருக்கு அனுப்பிய செய்தியில் அப்பெயர் இல்லாமை தற்செயலானதன்று. பல இனங்களையும் பல சமயங்களையும் கொண்ட பேரரசொன்றின் பொது ஒழுக்கக் கோட்பாடே அத்தூதரால் எடுத்துச் செல்லப்பட்டது.

இனிச் சங்க மரபை நோக்குவோம். பாடலிபுத்திரத்திற் கூடிய மூன்றாம் பேரவையின் பின்னர் மொக்கலிபுத்த தீசர் ஒன்பது பிரதேசங்களுக்குத் தேரர்களை அனுப்பினார் எனத் தீபவம்சமும் மகாவம்சமும் கூறுகின்றன. இதனை வெறுங்கதை என ஒதுக்குதல் இயலாது. இமயப் பகுதிக்குச் சென்ற மஜ்ஜிமர் முதலியோரின் பெயர்கள் சாஞ்சிப் பகுதியிற் கிடைத்த தாதுப் பேழைகளிற் பொறிக்கப்பட்டுள்ளன. எனினும் இப்பணியும் அரசனின் தூதும் ஒன்றல்ல. மகாவம்சம் பேரவையை அசோகனின் 17ஆம் ஆட்சியாண்டில் வைக்கிறது. பாறைச் சாசனங்களிற் காணப்படும் மிகப் பிந்திய ஆண்டோ முடிசூட்டலின் பின்னான 13ஆம் ஆண்டாகும். சாசனம் தன் தூதரைப் பற்றிப் பேசும் காலத்தில் தேரர்கள் இன்னும் புறப்படவில்லை.

தேரர்கள் சென்ற மேற்கின் எல்லையும் கருதத்தக்கது. மகாரக்கிதர் யோன நாட்டிற்கும், யோனரான தம்மரக்கிதர் மேற்கிந்தியக் கரையான அபராந்தத்திற்கும் சென்றனர். அசோகனின் ஆள்புலத்துக்குள்ளேயே யோனர் வாழ்ந்தனர் என அதே பதின்மூன்றாம் சாசனம் கூறுவதால், மகாரக்கிதர் சென்ற நாட்டை மத்தியதரைக் கடலருகே தேடவேண்டியதில்லை. துட்டகைமுனு மகாதூபத்திற்கு அடிக்கல் நாட்டியபோது முப்பதாயிரம் பிக்குகளுடன் வந்ததாக மகாவம்சம் கூறும் யோன மகாதம்மரக்கிதரின் அலசந்த நகரும், எகிப்திய நகராக அன்றி, காபூலுக்கு அண்மையிலிருந்த அலெக்சாந்திரியாவாக இருத்தலே பொருந்தும். தொகை காவியத்திற்குரியது, திசை வரலாற்றுக்குரியது.

அத்திசையிற் பௌத்தம் வேரூன்றியமைக்குச் சான்றுகள் உள. சுவாத் பள்ளத்தாக்கில் தியோடோரஸ் என்னும் கிரேக்க அதிகாரி சாக்கியமுனியின் தாதுக்களைப் பேழையில் வைத்து நிறுவினான். கார்லேக் குகைத் தூண்களில் யவனக் கொடையாளரின் பெயர்கள் உள்ளன. அதற்கப்பால் நிலைமை வேறு. எகிப்தின் பெரனிகே துறைமுகத்திற் கிடைத்து 2023இல் அறிவிக்கப்பட்ட புத்தர் சிலை கி.பி. 2ஆம் நூற்றாண்டிற்குரியது; அது வணிகர் வந்து சென்றதைக் காட்டுமேயன்றி விகாரையொன்று இருந்ததைக் காட்டாது. கி.பி. 200 அளவில் அலெக்சாந்திரியாவின் கிளெமெந்து புத்தரைப் பெயர் சுட்டிக் கூறியபோதும், அவரை இந்தியரால் வணங்கப்படும் ஒருவராகவே அறிந்திருந்தார்.

இவ்வேறுபாட்டின் காரணம் சமூக அடித்தளத்திலேயே உள்ளது. உணவும் உறையுளும் அளிக்கும் இல்லறத்தாரின்றிச் சங்கம் ஓரிடத்தில் நிலைபெறாது. வணிகப் பாதை, கொடையாளர் வகுப்பு, அதனை ஆதரிக்கும் அரசு ஆகிய மூன்றும் காந்தாரத்தில் ஒன்றுசேர்ந்தன. நைல் நதிக்கரையில் அவ்வாறு சேரவில்லை.

கொலனித்துவ காலத்தில், மிஷனரிமாரின் பிரசாரத்திற்கு முகங்கொடுத்த ஆசிய அறிஞருக்கு அசோகனின் மேற்கத்தியத் தூது பெருமிதம் தரும் விடையாயிற்று. அநகாரிக தர்மபால 1893இற் சிக்காகோவிற் பேசியதும் 1926இல் இலண்டனிற் பௌத்த நிலையம் அமைத்ததும் அச்சூழலிலேயே நிகழ்ந்தன. அவ்வுணர்வின் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் உணர்வு சான்றாகிவிடாது.

இவ்வினா நமக்குத் தொலைவானதுமன்று. எபிரஸ் நாட்டைப் பௌத்த நாடாக்கப் போதாத வாக்கியம், சோழ பாண்டிய நாடுகளைப் பௌத்த நாடாக்கவும் போதாது. தமிழகத்துப் பௌத்தம் காவிரிப்பூம்பட்டினத்து விகாரையாலும் மணிமேகலையாலும் நிறுவப்படவேண்டும்; அவ்வாறு நிறுவவும் முடியும். ஈழத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிராமிக் குகைச் சாசனங்கள் கொடையாளரின் பெயர்களைத் தருகின்றன. அவர்களுள் ஒருவன் வவுனியாப் பெரிய புளியங்குளத்துக் குகையில் தன்னைத் தமிழ் வணிகன் எனக் குறித்த விசாகன். தூதரை அனுப்பியவர் யார் என்பதை மட்டும் கேட்கும் வரலாறு அரசரின் வரலாறாகவே முடியும். பிக்குவுக்கு இடமளித்தவர் யார் எனக் கேட்கும்போதே மக்கள் அதனுள் வருகின்றனர்.