டி.என்.ஜி கோப்பு வடிவம்

டி.என்.ஜி (டிஜிட்டல் நெகட்டிவ்) என்பது எண்ணிமப் படக்கருவியின் உணரி பதிவு செய்யும் பதப்படுத்தப்படாத மூலத் தரவைச் சேமித்து வைப்பதற்கான திறந்த கோப்பு வடிவம் ஆகும். டிஃப் வடிவத்தை அடிப்படையாகக் கொண்ட இதனை அடோபி நிறுவனம் 2004 செப்டம்பரில் வெளியிட்டது.

தேவை

கேனான், நிக்கான் முதலிய நிறுவனங்கள் தத்தமக்கெனத் தனி மூல வடிவங்களைப் பயன்படுத்துகின்றன. அவற்றின் முழு விவரக்குறிப்பு வெளியிடப்படுவதில்லை. எனவே அவற்றுக்கான மென்பொருட்கள் கைவிடப்பட்டால், பழைய படங்களைத் திறக்க இயலாமல் போகலாம். டி.என்.ஜியின் விவரக்குறிப்பு வெளியிடப்பட்டுள்ளதால், அதனைப் படிக்கும் மென்பொருளை எவரும் எழுதலாம். லைக்கா, பென்டாக்ஸ் படக்கருவிகள் சில நேரடியாகவே இவ்வடிவில் பதிவு செய்கின்றன.

குறைபாடுகள்

பிற மூலக் கோப்புகளை அடோபியின் இலவச மென்பொருள் மூலம் டி.என்.ஜியாக மாற்றலாம். எனினும், மாற்றிய கோப்பைப் படக்கருவி நிறுவனத்தின் சொந்த மென்பொருள் பொதுவாகத் திறப்பதில்லை. அசல் கோப்பையும் உள்ளேயே பொதிந்து வைக்க இயலும். ஆனால் கோப்பின் அளவு கூடும்.