ஒழுங்கைக்குள் நுழையும் திரை

2023 ஓகஸ்டில் சாம்சுங் நிறுவனம் தன் 110 அங்குல மைக்ரோ எல்.ஈ.டி. தொலைக்காட்சியை இந்தியாவில் விற்பனைக்கு விட்டபோது அதன் விலை ஏறத்தாழ ஒரு கோடியே 15 இலட்சம் இந்திய ரூபாய். அன்றைய நாணய மாற்றில் இலங்கைக் காசுக்கு நாலு கோடியைத் தாண்டும். அந்தக் காசுக்குக் கோண்டாவில் பக்கம் காணியும் கிணறும் மதிலுமாக ஒரு வீட்டையே வாங்கலாமே என்று யாழ்ப்பாணத்தவர் உடனே கணக்குப் போடுவார். அப்படிப்பட்ட திரைக்கும் குடாநாட்டுக்கும் என்ன தொடர்பு? இருக்கிறது. அதன் மலிவான அண்ணன் இங்கே எப்போதோ வந்துவிட்டது. கல்யாண மண்டபங்களில் இரவிரவாக உழைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை. ஆகவே பிறந்த இடத்தில் இருந்தே கதையைத் தொடங்கலாம்.

எல்.ஈ.டி. என்பது சிறு பளிங்குத் துணுக்கு. அதற்குள் பாயும் மின்சாரம் நேரே ஒளியாக வெளியே வரும். பழைய குமிழ் விளக்கைப்போல் சூடேறிச் சிவக்க வேண்டிய இழை அதில் இல்லை. 1962இல் அமெரிக்காவின் ஜெனரல் இலெக்ட்ரிக் நிறுவனத்தில் நிக் ஹொலொன்யாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.ஈ.டி.யைச் செய்து காட்டினார். பிறகு பச்சை வந்தது. பிரகாசமான நீலம் மட்டும் வர மறுத்தது. மூன்று நிறமும் சேராமல் முழு நிறப் படம் இல்லை. நகோயா பல்கலைக்கழகத்தில் இசாமு அகசாக்கியும் ஹிரோஷி அமனோவும், நிச்சியா நிறுவனத்தில் ஷூஜி நக்கமுராவும், கலியம் நைத்திரைட்டு என்ற முரட்டுச் சேர்வையைப் பழுதில்லாத பளிங்காக வளர்க்கப் பல ஆண்டுகள் மினக்கெட்டார்கள். 1993இல் நிச்சியாவில் இருந்து அந்த நீலம் வெளிவந்தது. 2014இல் மூவருக்கும் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

நீலத்தையும் பச்சையையும் வளர்க்க ஒரு தளம் வேண்டும். பெரும்பாலும் அது செயற்கை நீலக்கல். வேதியியல்படி அது அலுமினியம் ஒட்சைட்டு. இரத்தினபுரிக் குழிகளில் எடுக்கும் கல்லும் அதே சேர்வைதான். அதற்கு நிறம் கொடுப்பவை உள்ளே கலந்துள்ள இரும்பும் தைத்தேனியமும். தொழிற்சாலையில் உருக்கி வளர்க்கும் கல்லில் அந்தக் கலப்பு இல்லாததால் அது நிறமற்றது. அதை மெல்லிய தட்டுகளாக அறுத்து, ஆயிரம் பாகை செல்சியசுக்குக் கிட்டிய சூட்டில் கலியம் கொண்ட வாயுவையும் அமோனியாவையும் பாயவிடுகிறார்கள். தட்டின் மேல் பளிங்குப் படை படையாக வளர்கிறது. கலியம் தனியாக ஒரு சுரங்கத்தில் கிடைப்பதில்லை. பொக்சைட்டில் இருந்து அலுமினா பிரிக்கும்போது கிடைக்கும் பக்கவிளைவு அது. உலகுக்கு வேண்டிய முதனிலைக் கலியத்தில் மிகப் பெரும்பகுதியைச் சீனாவே தருகிறது. 110 அங்குலத் திரை இந்தியாவுக்கு வந்த அதே 2023 ஓகஸ்டில், முதலாம் திகதி தொடக்கம், கலிய ஏற்றுமதிக்குச் சீனா அனுமதிப்பத்திரத்தைக் கட்டாயமாக்கியது.

இவ்வளவும் சாதாரண எல்.ஈ.டி.க்கும் பொருந்தும். மைக்ரோ என்ற பட்டம் துணுக்கின் அளவால் வருவது: ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 2012 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் சோனி நிறுவனம் இப்படிப்பட்ட துணுக்குகளால் ஆன 55 அங்குலத் திரையைக் காட்டியது. அதில் ஏறத்தாழ 60 இலட்சம் துணுக்குகள். 2018 ஜனவரியில் அதே கண்காட்சியில் சாம்சுங், ‘த வோல்’ என்ற 146 அங்குலத் திரையை நிறுத்தியது. அது ஒரே கண்ணாடியாக வராமல், விளிம்பில்லாத பெட்டிகளைப் பூட்டிச் சேர்த்த சுவராக வந்தது. 2019 யூனில் வசதி படைத்த வீடுகளுக்கென்றே 73 முதல் 292 அங்குலம் வரை அடுக்கக்கூடிய வகை அறிவிக்கப்பட்டது.

விலை ஏன் இப்படி? நாலாயிரம் புள்ளி அகலத் திரை என்று நாம் சொல்லும் 4கே திரையில் 3,840 × 2,160 புள்ளிகள் உண்டு; மொத்தம் 82,94,400. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துணுக்கு. எல்லாமாக 2 கோடியே 48 இலட்சத்து 83 ஆயிரத்து 200. இவை தட்டில் நெருக்கமாக முளைக்கின்றன. திரையில் இடைவெளி விட்டு நிற்க வேண்டும். மேடைப் பாத்தியில் நெருக்கமாக முளைத்த புகையிலைக் கன்றைப் பிடுங்கித் தோட்டத்தில் அளந்து நடுவது போன்ற வேலை இது. ஆனால் ஆயிரத்துக்கு ஒரு கன்று பட்டுப்போனால் தோட்டக்காரர் கவலைப்படமாட்டார். திரையிலோ பத்தாயிரத்துக்கு ஒன்று தவறினாலே 2,488 செத்த பொட்டுகள் தெரியும். பத்து இலட்சத்துக்கு ஒன்று தவறினாலும் இருபத்தைந்து பொட்டை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து மாற்ற வேண்டும். சிவப்பு இன்னொரு தொல்லை. அதன் சேர்வை வேறு, வளரும் தளமும் வேறு. துணுக்கைச் சிறிதாக்கச் சிறிதாக்க அதன் ஒளித்திறன் மற்ற இரண்டையும் விட வேகமாகச் சரிகிறது. அந்த விலையில் பெரும்பங்கு இந்த நடுகைக்கும் திருத்தத்துக்கும் போகிறது.

நட்டு முடிந்த பலகையை மொடியூல் என்கிறார்கள். மொடியூல்கள் சேர்ந்தால் ஒரு பெட்டி, பெட்டிகள் சேர்ந்தால் ஒரு சுவர். ஆகப் பெரிய திரைகூடக் கதவுக்குள் நுழையும் துண்டுகளாகவே பயணம் செய்கிறது. எங்கள் ஊர் ஒழுங்கைகளை நினைத்தால் இதன் அருமை புரியும். மூன்று மீற்றருக்கு மேல் அகலமான ஒரே கண்ணாடியை இருபக்கமும் மதில் எழுந்த ஒழுங்கைக்குள் திருப்பி, படலை தாண்டி, விறாந்தைத் தூணில் முட்டாமல் உள்ளே கொண்டுபோக முடியாது. பெட்டிகளை ஒரு சிறு லொறியில் கொண்டுவந்து கையாலேயே இறக்கலாம்.

இந்த ஊருக்கு வந்த ஒவ்வொரு திரையின் வாழ்வையும் தீர்மானித்தவை அதன் பின்னால் நின்றவை: கரண்ட், பாதை, திருத்தத் தெரிந்த ஆள். படத்தின் அழகு அதற்குப் பிறகுதான். ஒரு காலத்தில் திரை என்றால் றீகல், வின்சர், ராஜா, சிறீதர் என்ற தியேட்டர்க் கட்டடங்கள். பிறகு தொலைக்காட்சிப் பெட்டி வந்தது. 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி தொடங்கியது. ஆனால் இங்குள்ளவர்கள் உயரமான குழாயில் அன்ரனாவைக் கட்டி இந்தியப் பக்கம் திருப்பித் தூரதர்ஷனின் ‘ஒளியும் ஒலியும்’ பார்த்தார்கள். காற்றடித்தால் ஒருவர் வெளியே நின்று குழாயைத் திருப்ப, உள்ளிருந்து மற்றவர் “காணும், காணும்” என்று கத்த வேண்டும்.

அதன்பின் வீடியோ டெக் வந்தது. ரீவி, டெக், கசெற், ஜெனரேற்றர் என்ற நாலையும் ஒரு இரவுக்கு வாடகைக்கு எடுத்தார்கள். சாமான் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் வரும். முற்றத்தில் மேசை போட்டு, விடியும்வரை மூன்று படம் ஓட்டுவார்கள். அயலட்டை முழுவதும் பாயோடு வந்துவிடும். 1990 யூனில் போர் திரும்ப மூண்டபின் லக்சபானா மின்சாரம் குடாநாட்டுக்கு நின்றது. பொருளாதாரத் தடைக்குள் பற்றறியும் அடங்கியது. மண்ணெண்ணெய் விலை ஏறியது. சைக்கிள் டைனமோவில் மிதித்து றேடியோ கேட்ட காலம் அது. அந்த ஆண்டுகளிலும் டெக் நிற்கவில்லை. எஞ்சினைச் சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எம்.ஜி.ஆர். படமானாலும் ரஜினி படமானாலும் எத்தனை மணிக்கு முடியும் என்பதைத் தாங்கியில் மிச்சமிருந்த மண்ணெண்ணெய் தீர்மானித்தது. ஜெனரேற்றர் களைத்தால் மின்னழுத்தம் இறங்கும். கதாநாயகன் நாலு பக்கமும் சுருங்குவார். நகரில் ஸ்ரான்லி வீதிச் சிறீதர் தியேட்டரோ பின்னாளில் ஓர் அரசியல் கட்சியின் அலுவலகமாகிவிட்டது.

போர் முடிந்து, தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை நிரந்தரமாகத் திறந்தபின், சாமான் வருவதற்கு இருந்த தடை போனது; 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி ரயிலும் யாழ்ப்பாணம் திரும்பியது. கார்கில்ஸ் சதுக்கத்தில் குளிரூட்டிய தியேட்டர் வந்தது. மண்டபங்களுக்கு எல்.ஈ.டி. சுவர் வந்தது. கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் வந்து கல்யாணமோ சாமத்தியவீடோ செய்பவர்களுக்கு மணவறைக்குப் பின்னால் பளிச்சென்ற திரை வேண்டும். அது இரும்பு மூலை வைத்த பெட்டிகளில் பின்னேரம் வந்து, பந்தி முடிந்ததும் கழற்றப்பட்டு அடுத்த ஊருக்குப் போகும். டெக் காலத்து வாடகைத் தொழில்தான் இது; சாமான் மட்டும் மாறியிருக்கிறது.

வாடகைத் திரையில் வழக்கமான பெட்டி அரை மீற்றர் சதுரம். புள்ளிக்குப் புள்ளி 3.9 மில்லிமீற்றர் இடைவெளியுள்ள வகையில் ஒரு பெட்டிக்கு 128 × 128 புள்ளிகள். இருபத்துநாலு பெட்டியை மூன்று மீற்றர் அகலம், இரண்டு மீற்றர் உயரமாக அடுக்கினால் மொத்தம் நாலு இலட்சத்துக்கும் சற்றுக் குறைவான புள்ளிகளே கிடைக்கும். ஏறத்தாழ அதே அகலமுள்ள 146 அங்குல 4கே சுவரில் 83 இலட்சம் புள்ளிகள். இடைவெளி ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. சராசரிக் கண்ணுக்கு வாடகைத் திரையின் புள்ளிகள் பதின்மூன்று மீற்றருக்கு அப்பால்தான் ஒன்றோடொன்று கலக்கும். மண்டபத்துக்கு அது போதும். வீட்டுத் திரை மூன்று மீற்றரிலேயே கலந்துவிடும். ஒரு வீட்டு ஹோலுக்கு அது வேண்டும். இரண்டுக்கும் விலை வித்தியாசம் பெரும்பாலும் இந்த இடைவெளிக்குள் அடங்கியிருக்கிறது.

புள்ளிக்குப் புள்ளி அணைவதால் கறுப்பு முழுக் கறுப்பாக இருக்கும். ப்ரொஜெக்ரர் போல் அறையை இருட்டாக்கத் தேவையில்லை. யன்னல் திறந்திருக்கும் பகலிலும் படம் வெளிறாது. ஆனால் ஒரு குறை உண்டு. தியேட்டர்த் துணித்திரையில் நுண்துளை போட்டு ஒலிபெருக்கியை அதன் பின்னால் ஒளிப்பார்கள். பேசுபவரின் வாயில் இருந்தே குரல் வரும். எல்.ஈ.டி. சுவர் அடைத்த சுவர். குரலை மேலிருந்தோ கீழிருந்தோதான் கொண்டுவர வேண்டும். ஒலி வடிவமைக்கும் ஆளுக்கு இது பெரிய தலையிடி.

குடாநாட்டில் இந்தத் திரைக்குக் காத்திருக்கும் சோதனைகள் வேறு. முதலாவது கரண்ட். டெக் காலத்து ரீவியும் டெக்கும் சேர்ந்து நூற்றைம்பது வாட் அளவில் கேட்டன. பெரிய எல்.ஈ.டி. சுவர் முழு வெளிச்சத்தில் சில கிலோவாட் இழுக்கும். அதனால் எழும் சூட்டை வெளியேற்றக் குளிரூட்டி இன்னும் கொஞ்சம் இழுக்கும். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் நாளுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு நடந்ததை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். கூரையில் சூரியத்தகடு போட்டவர்கள்கூடப் பற்றறி இல்லாவிட்டால் வலையமைப்பு நின்றவுடன் இருட்டில்தான் இருந்தார்கள். இரண்டாவது காற்று. குடாநாட்டில் எந்த வீட்டுக்கும் கடல் தூரமில்லை. உப்பீரம் செப்புத் தடங்களையும் இணைப்பு ஊசிகளையும் தின்னும். வலிகாமத்துச் செம்மண் தூசி விசிறிகளை அடைக்கும். துணுக்குகளின் மேல் பசைப்படை பூசிய பலகை முன்பக்கத்தைக் காக்கும். பின்பக்கத்தைக் காப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு.

மூன்றாவதுதான் முக்கியம். எல்.ஈ.டி.யின் ஆயுளை ஒரு இலட்சம் மணிநேரம் என்று நிறுவனங்கள் சொல்வதுண்டு. நாளுக்கு நாலு மணி பார்த்தால் அறுபத்தெட்டு ஆண்டு. ஆனால் துணுக்கு உயிரோடிருக்க, அதற்கு மின் கொடுக்கும் பவர் சப்ளை அதற்கு வெகு முன்னரே போகும்; ஏறி இறங்கும் மின்னழுத்தத்தில் இன்னும் முன்னரே. அதை மாற்றலாம். மொடியூல் ஒன்று போனாலும் முன்பக்கத்தாலேயே கழற்றி மாற்றலாம். சிக்கல் நிறத்தில் இருக்கிறது. ஒரு தொகுதியில் வார்த்த துணுக்கின் நீலமும் அடுத்த ஆண்டுத் தொகுதியின் நீலமும் துல்லியமாக ஒத்துப்போவதில்லை. புதிதாக வாங்கிப் பூட்டிய துண்டு சுவரில் ஒட்டுப்போட்டதுபோல் துருத்தித் தெரியும். அதனால் அனுபவசாலிகள் திரையோடு சேர்த்து, அதே தொகுதியில் சில வீதம் உபரி மொடியூலும் வாங்கி ஈரமில்லாத இடத்தில் வைப்பார்கள். மாற்றிய பிறகு கமராவால் அளந்து புள்ளிகளின் வெளிச்சத்தைச் சமன் செய்ய வேண்டும்.

இதைச் செய்யத் தெரிந்தவர் யார்? கொழும்பில் இருந்து வரவழைக்கலாம். ஒவ்வொரு தடவையும் நாள் பார்த்து, வழிச்செலவு கொடுத்து. அதைவிட, மண்டபம் மண்டபமாக அலைந்து, பந்திக்கு முன் கறுத்துப்போன சதுரத்தைப் பத்து நிமிடத்தில் கழற்றி மாற்றும் எங்கள் பையன்கள் இருக்கிறார்கள். பெட்டிகளை மயிரிழை பிசகாமல் பூட்டவும், எந்தக் கேபிள் எந்தப் பெட்டிக்குத் தரவு கொடுக்கிறது என்று கண்டுபிடிக்கவும், ஜெனரேற்றரில் இருந்து கரண்டுக்கு மாறும்போது திரையைக் காப்பாற்றவும் வாடகைத் தொழில் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. நுண்ணிய இடைவெளித் திரைக்கு இன்னும் கொஞ்சம் பயிற்சி வேண்டும், அளவிடும் கருவி வேண்டும். அடித்தளம் அவர்களிடம் உண்டு. ஆகவே குடாநாட்டில் கோடி ரூபாய்ச் சுவருக்கு ஆசைப்படுபவர் விலைப்பட்டியலைப் புரட்டுமுன் மூன்று கேள்வியைக் கேட்பது நல்லது: உபரி மொடியூல் எத்தனை தருவீர்கள், கரண்ட் நின்றால் எது தாங்கும், பழுது பார்க்க இந்த ஊரிலேயே யாரைப் பழக்குவீர்கள்? மூன்றாவதுக்குப் பதில் சொல்ல முடியாத விற்பனையாளரிடம் வாங்குவதைவிட, அந்தப் பையன்களில் ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு ஒரு வருடம் பொறுத்து வாங்குவது இலாபம்.