கண்புரை ஆபரேஷன்: ‘எந்த லென்ஸ்?’ இருக்கட்டும்... ‘எந்த தூரம்?’னு கேட்டீங்களா?

சைதாப்பேட்டை கோர்ட் பக்கம் போனால் மனு எழுதுபவர்கள், டைப் அடிப்பவர்களைப் பார்க்கலாம். பஜார் ரோட்டில் தையல் மெஷின் முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. அதே தெருவில் வாடகைக் கார் ஓட்டுபவரும் இருப்பார். 60 வயதைத் தாண்டி இவர்களுக்குக் கண்புரை வந்தால் ஆபரேஷன் ஒன்றுதான். ஆனால் கண்ணுக்குள் வைக்கிற லென்ஸின் பவரை மூன்று பேருக்கும் ஒரே இலக்கு வைத்துக் கணக்குப் போட வேண்டுமா?

தேவையில்லை. பெரும்பாலான குடும்பங்களில் பேச்சு முழுக்க லென்ஸ் கம்பெனி, பேக்கேஜ், இன்சூரன்ஸ் என்றே ஓடுகிறது. ஆபரேஷனுக்குப் பிறகு கண்ணாடி இல்லாமல் எந்த தூரம் தெளிவாகத் தெரியணும் என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. இத்தனைக்கும் அதற்குத் தனியாக ஒரு ரூபாய்கூட செலவில்லை.

அது என்ன ‘இலக்கு பவர்’?

சின்ன வயதில் நம் கண்ணில் உள்ள இயற்கை லென்ஸ் தேவைக்கு ஏற்ப வளைந்து கொடுக்கும். தூரத்தில் வரும் பஸ் நம்பரும் தெரியும், கையில் இருக்கிற டிக்கெட்டும் தெரியும். 40 வயதுக்கு மேல் அந்த வளைவு குறைவதைத்தான் வெள்ளெழுத்து என்கிறோம். கண்புரை ஆபரேஷனில் மங்கிப்போன அந்த லென்ஸை எடுத்துவிட்டு செயற்கை லென்ஸ் வைக்கிறார்கள். வழக்கமாக வைக்கப்படும் மோனோஃபோகல் லென்ஸ் வளையாது. ஒரே ஒரு தூரம்தான் அதில் பளிச்சென்று தெரியும். மற்ற தூரங்களுக்குக் கண்ணாடி வேண்டும்.

அந்த ஒரு தூரம் எது என்பதை டாக்டர் முன்கூட்டியே முடிவு செய்து, அதற்கேற்ற பவர் லென்ஸை எடுக்கிறார். கணக்கு எளிது. 100 செ.மீ.-ஐ மிச்சம் வைக்கும் மைனஸ் பவரால் வகுத்தால் தெளிவாகத் தெரியும் தூரம் கிடைக்கும். மைனஸ் 1 என்றால் ஒரு மீட்டர். மைனஸ் 2 என்றால் 50 செ.மீ., கம்ப்யூட்டர் திரை. மைனஸ் 2.5 என்றால் 40 செ.மீ., அதாவது புத்தகமும் மொபைலும். ஜீரோ என்றால் தூரப் பார்வை.

மைனஸ் பவர்காரர்கள் கவனிக்க

சிக்கல் அதிகம் வருவது இவர்களுக்குத்தான். 20 வயதிலிருந்து மைனஸ் 3 கண்ணாடி போடும் ஒரு தையல்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே போகும்போது கண்ணாடி, ஊசியில் நூல் கோர்க்கும்போது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவார். 40 வருஷப் பழக்கம் அது. வழக்கம்போல ஜீரோவை இலக்காக வைத்து ஆபரேஷன் செய்தால், சைதாப்பேட்டை ஸ்டேஷன் பலகை கண்ணாடி இல்லாமலே தெரியும். ஆனால் கையிலிருக்கும் துணி மங்கலாகிவிடும். இனி தைப்பதற்குத்தான் கண்ணாடி.

மருத்துவ ரீதியில் இது வெற்றிகரமான ஆபரேஷன், கணக்கிலும் தப்பில்லை. ஆனாலும் “முன்னாடி கிட்டத்துல நல்லா தெரிஞ்சுதே, இப்போ போச்சே” என்று அவர் வருத்தப்படுவதில் நியாயம் இருக்கிறது. அவர் மாதிரியானவர்கள் மைனஸ் 2.5 அல்லது 3-ஐ இலக்காகக் கேட்கலாம். பழையபடி வெளியே போகும்போது மட்டும் கண்ணாடி போட்டால் போதும். கார் ஓட்டுபவருக்கு இது சரிப்படாது, அவருக்கு ஜீரோ பக்கம்தான் நல்லது.

ஜீரோ என்று சொன்னாலும் பல டாக்டர்கள் மைனஸ் 0.25, 0.5 என்று கொஞ்சம் மைனஸ் பக்கமே குறி வைப்பார்கள். அளவு சற்று தவறி பிளஸ் பக்கம் போனால் தூரம், கிட்டம் இரண்டுமே மங்கும் என்பதுதான் காரணம்.

அளவு ஏன் முக்கியம்?

ஆபரேஷனுக்கு முன் கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளப்பதற்கு பயோமெட்ரி என்று பெயர். நீளத்தில் 1 மி.மீ. தப்பினால் பவரில் சுமார் 2.5 முதல் 3 வரை மாறிவிடும். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் டாக்டர் சொல்லும் காலத்துக்கு முன்பே அதை நிறுத்த வேண்டும். எப்போதோ லேசிக் செய்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லணும், அவர்களுக்குக் கணக்கே வேறு. புரை ரொம்ப முற்றிவிட்டால் ஒளியை வைத்து அளக்கும் மெஷின் வேலை செய்யாது, அல்ட்ராசவுண்ட் ஏ-ஸ்கேன்தான் வழி. ‘இன்னும் கொஞ்சம் முத்தட்டும்’ என்று காத்திருப்பதில் இந்த நஷ்டமும் உண்டு.

1949-ல் லண்டனில் டாக்டர் ஹரோல்ட் ரிட்லி முதல் செயற்கை லென்ஸை வைத்தபோது லென்ஸ் கண்ணுக்குள் சரியாகவே உட்கார்ந்தது. ஆனால் பவர் கணக்கு தப்பியதால், அந்தப் பெண்மணிக்குச் சுமார் மைனஸ் 18 பவர் வந்துவிட்டது! இன்று அந்த அளவுக்குத் தப்பாது. இருந்தாலும் அரை பவர் அளவுக்கு முன்னே பின்னே போவது சகஜம். மைனஸ் 2.5 கேட்டவருக்கு மைனஸ் 2 வரலாம்.

ஒரு கண் தூரத்துக்கு, ஒரு கண் கிட்டத்துக்கு?

இதை மோனோவிஷன் என்பார்கள். ஒரு கண்ணுக்கு ஜீரோ, இன்னொன்றுக்கு மைனஸ் 1.25 அல்லது 1.5. கண்ணாடி இல்லாமலே கடை, வீடு, மொபைல் என்று ஓரளவு சமாளிக்கலாம். பொடி எழுத்துக்கு மட்டும் ரீடிங் கிளாஸ் தேவைப்படும். சிலரின் மூளை இந்த வித்தியாசத்தை ஏற்றுக்கொள்ளாது. கான்டாக்ட் லென்ஸ் போட்டு முன்கூட்டியே பழகிப் பார்த்தவர்களுக்கு இது பாதுகாப்பான தேர்வு.

எல்லா தூரத்துக்கும் என்று விற்கப்படும் மல்டிஃபோகல் லென்ஸில் இரவு நேர விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியலாம். அண்ணா சாலையில் ராத்திரி வண்டி ஓட்டுபவர் இதை யோசிக்கணும். சர்க்கரையால் விழித்திரை பாதித்தவர்களுக்கும், கண் அழுத்த நோய் முற்றியவர்களுக்கும் பொதுவாக இதைப் பரிந்துரைப்பதில்லை. கருவிழியில் சிலிண்டர் பவர் கூடுதலாக இருந்தால் டோரிக் லென்ஸ் உதவும்.

பணம் இல்லாதவர்களும் இலக்கைக் கேட்கலாம். சைதாப்பேட்டையில் மின்சார ரயில் ஏறினால், எழும்பூரில் 1819-ல் தொடங்கிய அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. வெளிநாட்டு லென்ஸ் எட்டாத விலையில் இருந்த காலத்தில், மதுரை அரவிந்த் குழுமம் 1992-ல் ஆரோலேப் தொடங்கி உள்ளூரிலேயே குறைந்த விலைக்குத் தயாரித்தது. அப்படிப்பட்ட சாதாரண மோனோஃபோகல் லென்ஸும் பல பவர்களில் வருகிறது. ஜீரோவுக்கு ஒரு விலை, மைனஸ் 2.5-க்கு ஒரு விலை என்று கிடையாது.

இரண்டாவது கண்ணை மறக்காதீங்க

இரண்டு கண்ணிலும் மைனஸ் 6 இருந்து, ஒன்றை மட்டும் ஜீரோவாக்கினால் இரண்டுக்கும் சேர்த்துக் கண்ணாடி போட முடியாது. உருவங்களின் அளவு மாறி தலை சுற்றும். அடுத்த கண்ணுக்கு எப்போது ஆபரேஷன், அதுவரை எப்படிச் சமாளிப்பது என்பதை முதல் ஆபரேஷனுக்கு முன்பே பேசிவிட வேண்டும். முதல் கண்ணில் பவர் எங்கே வந்து நின்றது என்று பார்த்து, இரண்டாவது கண்ணின் கணக்கைத் திருத்தவும் டாக்டருக்கு வாய்ப்பிருக்கிறது.

பயோமெட்ரிக்குப் போகும்போது பழைய கண்ணாடிச் சீட்டு, இப்போது போடும் கண்ணாடி இரண்டையும் எடுத்துட்டுப் போங்க. புரை வந்த பிறகு பவர் மாறியிருக்கும் என்பதால், புரைக்கு முந்தைய சீட்டுதான் டாக்டருக்கு அதிகம் உதவும். தினமும் எந்த வேலையைக் கண்ணாடி இல்லாமல் செய்கிறீர்கள், அது எத்தனை செ.மீ. தூரத்தில் என்று வீட்டிலேயே டேப் வைத்து அளந்து அதே சீட்டின் பின்னால் எழுதிக்கொள்ளலாம்.