போதை வழக்கில் தண்டனைக்குப் பதிலாகச் சிகிச்சை: சட்டம் சொல்வது என்ன?

ஐதராபாத்: சிறிதளவு போதைப்பொருளுடன் பிடிபடும் ஒருவர், அப்பழக்கத்துக்கு அடிமையானவர் எனில், சிறைத் தண்டனையைத் தவிர்த்துச் சிகிச்சை பெறும் வாய்ப்பை இந்தியச் சட்டம் அளிக்கிறது. ஆனால் அந்த வாய்ப்பு தானாகக் கிடைப்பதில்லை. குற்றம் சாட்டப்பட்டவரே முன்வந்து கேட்க வேண்டும்.

ஐதராபாத் மாநகரக் காவல்துறை 2022-ஆம் ஆண்டில் போதைப்பொருள் தடுப்புக்கெனத் தனிப்பிரிவைத் தொடங்கியது. மாநில அளவிலான தடுப்புப் பிரிவு 2025-இல் 'ஈகிள்' எனப் பெயர் மாற்றப்பட்டது. இத்தகைய நடவடிக்கைகளில் விற்பவர் மட்டுமன்றி, வாங்கிப் பயன்படுத்துவோரும் பிடிபடுகின்றனர். அவர்களுக்கு உதவக்கூடிய பிரிவுகள் இரண்டு.

64ஏ பிரிவு

போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் 1985-இல் இயற்றப்பட்டது. அதன் 27-ஆவது பிரிவின்படி, ஹெராயின், கோகைன் போன்றவற்றைப் பயன்படுத்தினால் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். பிற போதைப்பொருள்களுக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

இக்குற்றத்துக்காகவோ, சிறிய அளவு தொடர்பான பிற குற்றத்துக்காகவோ வழக்கில் சிக்கிய அடிமை, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால், அவர் மீது வழக்குத் தொடர இயலாது என்கிறது 64ஏ பிரிவு. சிகிச்சையை முழுமையாக முடிக்காவிட்டால் இப்பாதுகாப்பு விலக்கிக்கொள்ளப்படலாம்.

39-ஆவது பிரிவு

குற்றம் நிரூபிக்கப்பட்ட பிறகு பயன்படுவது இப்பிரிவு. அடிமையின் வயது, நடத்தை, உடல்நலம், மனநலம் ஆகியவற்றைக் கருதி, அவருடைய சம்மதத்துடன் நீதிமன்றம் அவரைச் சிகிச்சைக்கு அனுப்பலாம். ஓராண்டுக்குள் சிகிச்சையின் முடிவை அவர் தெரிவிக்க வேண்டும். அது திருப்தியளித்தால், மூன்றாண்டு வரை குற்றத்திலிருந்து விலகியிருப்பதாகப் பிணைமுறி எழுதி வாங்கிக்கொண்டு, எச்சரித்து விடுவிக்கலாம். தவறினால் தண்டனை காத்திருக்கும்.

எது சிறிய அளவு?

2001-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, கஞ்சாவுக்கு ஒரு கிலோ, சரஸுக்கு 100 கிராம், ஹெராயினுக்கு 5 கிராம், கோகைனுக்கு 2 கிராம் என வரம்புகள் வகுக்கப்பட்டுள்ளன. திருட்டு, வழிப்பறி போன்ற குற்றங்களுக்கு 64ஏ பாதுகாப்புப் பொருந்தாது.

நடைமுறையில்

கோகைன் வாங்க முயன்றதாக 2001-இல் மும்பையில் கைதான இந்தி நடிகர் ஃபர்தீன் கான், அரசு மருத்துவமனையில் சிகிச்சையை முடித்ததால், 2012-இல் நீதிமன்றத்தால் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். சிகிச்சை வழியும் நீண்டதாக இருக்கக்கூடும் என்பதற்கு அந்தப் பதினொரு ஆண்டுகள் சான்று.

இப்பிரிவுகளில் ஒரு முரணும் உண்டு. சட்டப்படி 'அடிமை' என்பவர் போதைப்பொருளைச் சார்ந்து வாழ்பவர். எனவே, ஒரே ஒருமுறை பயன்படுத்திப் பிடிபட்ட மாணவர் இப்பாதுகாப்பைக் கோர இயலாது. நெடுநாள் பழக்கம் உள்ளவருக்குத் திறக்கும் கதவு, முதன்முறை தவறியவருக்கு மூடியே இருக்கிறது.

உலக அனுபவம்

அமெரிக்காவின் மயாமியில் 1989-இல் தொடங்கிய போதை நீதிமன்றத்தில், சிகிச்சையின் முன்னேற்றத்தை நீதிபதியே அவ்வப்போது நேரில் கேட்டறிகிறார். போர்ச்சுகலில் 2001 முதல், சொந்தப் பயன்பாட்டுக்கான சிறிதளவுடன் பிடிபடுவோர் நீதிமன்றத்துக்குப் பதிலாக, மருத்துவ, சமூகப்பணி, சட்ட வல்லுநர்கள் கொண்ட ஆணையத்தின் முன் நிறுத்தப்படுகின்றனர். பழக்கம் தொடரும்வரை பணத்துக்கான குற்றமும் தொடரும். எனவே பழக்கத்தைக் குணப்படுத்துவதே குற்றத்தைக் குறைக்கும் என்பது இவற்றின் அடிப்படை.

எங்கே அணுகலாம்?

ஐதராபாத்தில் எர்ரகட்டா அரசு மனநல மருத்துவமனையில் போதை மீட்புச் சிகிச்சை அளிக்கப்படுகிறது. நாடு முழுவதும் 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை பெறலாம். வழக்கு ஏற்கெனவே பதிவாகியிருந்தால், வழக்கறிஞர் மூலமாக நீதிமன்றத்தில் கோரிக்கையை முன்வைப்பதும், சிகிச்சை ஆவணங்களை இறுதிவரை பத்திரப்படுத்துவதும் அவசியம்.