நுங்கம்பாக்கத்துத் தூணும் தூசிக்குள் ஒரு குழந்தை விண்மீனும்

தி. நகருக்குப் பக்கத்திலேயே, நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்துக்குள் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. 1792இல் கட்டிய மெட்ராஸ் வானாய்வகத்தின் மிச்சம். முடிந்துபோன கதைன்னு நினைத்தால் தப்பு.

அங்கே வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற ஒளிமாறும் விண்மீனைக் கண்டுபிடித்தார். அது வயதான விண்மீன். பிறந்துகொண்டிருக்கும் விண்மீன்களும் ஒளி மாறும். ஆனால் தூசி மேகத்துக்குள் ஒளிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தூசி மறித்துவிடும். அலைநீளம் கூடிய அகச்சிவப்பு ஒளி பெருமளவு தப்பி வரும். சிக்கல் என்னன்னா, அதில் பெரும்பகுதியைக் காற்றிலுள்ள நீராவி விழுங்கிவிடும். கடலோரச் சென்னைக்கு இந்த வேலை சரிப்படாது.

1899இல் வானியல் பணி கொடைக்கானலுக்கு நகர்ந்தது. அந்த மரபில் வந்த இந்திய வானியற்பியல் நிறுவனம் இன்று லடாக்கின் ஹான்லேயில், 4,500 மீட்டர் உயரத்து வறண்ட காற்றில், 2 மீட்டர் தொலைநோக்கியை இயக்குகிறது.

2004 ஜனவரியில் ஜே மெக்னீல் என்ற அமெரிக்க அமெச்சூர், ஓரியன் பகுதியில் புதிய நெபுலா ஒன்றைக் கண்டார். உள்ளேயிருந்த வி1647 ஓரியானிஸ் என்ற இளம் விண்மீன் திடீரெனப் பிரகாசமாகியிருந்தது. சுற்றியுள்ள வட்டிலிருந்து வாயு வேகமாக அதன்மேல் கொட்டியதே காரணம். அப்புறம் மங்கியது, 2008இல் மறுபடி பொங்கியது. நம்ம வானியலாளர்கள் ஹான்லேயிலிருந்து அதைத் தொடர்ந்து கவனித்தார்கள்.

ரகுநாதாச்சாரி செய்ததும் இதேதான்: ஒரே விண்மீனைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது. இடம் மாறியது, கருவி மாறியது. பொறுமை மட்டும் நுங்கம்பாக்கத்திலிருந்து போனது.