இரு நாட்டுப் பிரஜை

1946-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் ஸியர்ஸ் என்ற பெரிய கடைக்குச் சாமான் வாங்கப் போன ஓர் அமெரிக்கர், ஜனக்கூட்டத்துக்கு நடுவே ஒரு முகத்தைப் பார்த்துத் திடுக்கிட்டு நின்றார். யுத்தக் கைதியாக ஜப்பானில் அடைபட்டிருந்த நாட்களில் அவர் தினந்தோறும் பார்த்த முகம் அது. முகாமில் அந்த மனிதர் ஜப்பானியர்களின் துபாஷி, கைதிகளை அதட்டி வேலை வாங்கியவர், அடித்தவர். அவர் இங்கே, அமெரிக்காவில், சாவதானமாகக் கடையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். கைதியாக இருந்தவர் உடனே சர்க்காரின் துப்பறியும் இலாகாவுக்குத் தகவல் கொடுத்தார்.

விசாரித்ததில் இன்னும் பெரிய விசித்திரம் வெளிப்பட்டது. டோமோயா கவாகிடா என்ற அந்த இளைஞர் திருட்டுத்தனமாக அமெரிக்காவுக்குள் நுழைந்தவர் அல்ல. முறையான அமெரிக்கப் பாஸ்போர்ட்டுடன், அமெரிக்கப் பிரஜையாக வந்திருந்தார். சர்வகலாசாலையில் சேர்ந்து படித்துக்கொண்டும் இருந்தார். கதையில் இப்படி ஒரு சந்திப்பை எழுதினால், "ஆசிரியர் தம் வசதிக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு" என்று விமரிசகர்கள் சொல்வார்கள்.

கவாகிடா 1921-இல் கலிபோர்னியாவின் எல்லை ஊரான கலெக்ஸிகோவில் பிறந்தவர். தாய் தந்தையர் ஜப்பானிலிருந்து குடியேறியவர்கள். உலகத்தில் பிரஜாவுரிமைக்கு இரண்டு விதமான சட்டம் உண்டு. பிறந்த மண்ணைப் பார்ப்பது ஒன்று, பெற்றவரின் ரத்தத்தைப் பார்ப்பது மற்றொன்று. அமெரிக்கா மண்ணைப் பார்க்கும் நாடு. ஜப்பானின் 1899-ஆம் ஆண்டுச் சட்டமோ ரத்தத்தைப் பார்த்தது. அதிலும் தகப்பனின் ரத்தத்தை மட்டுமே பார்த்தது. ஆகவே கலெக்ஸிகோவில் பிறந்த அந்தக் குழந்தை முதல் மூச்சு விட்டபோதே இரண்டு நாட்டுக்கும் பிரஜையாகிவிட்டது. அதை யாரும் கேட்டு வாங்கவில்லை.

அந்தக் குழந்தையின் தகப்பனாருக்கு அமெரிக்கப் பிரஜாவுரிமை கனவிலும் கிடைக்காது. விண்ணப்பித்துப் பிரஜையாகும் வழி அந்தக் காலத்தில் வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வம்சத்தினருக்கும் மட்டுமே திறந்திருந்தது. டகாவோ ஒஸாவா என்பவர் கலிபோர்னியாவில் படித்தவர். வீட்டில் ஆங்கிலமே பேசியவர். இருபது வருஷம் அமெரிக்க மண்ணில் வாழ்ந்தவர். "என்னை ஏன் பிரஜையாக ஏற்கக் கூடாது?" என்று அவர் சுப்ரீம் கோர்ட்டு வரை போனார். 1922 நவம்பரில் தீர்ப்பு வந்தது. வெள்ளையர் என்றால் காகேசிய இனத்தார், ஜப்பானியர் அந்த இனம் அல்ல என்று சொல்லிவிட்டார்கள். மூன்று மாதம் கழித்து நம் பஞ்சாபைச் சேர்ந்த பகத்சிங் திண்ட் அதே கோர்ட்டுக்கு வந்து, "இனநூல்களின்படி நான் காகேசியன்தானே?" என்று கேட்டார். நூல்கள் சொல்வது செல்லாது, சாமானிய மனிதன் யாரை வெள்ளையன் என்று நினைக்கிறானோ அவனே வெள்ளையன் என்று இந்தத் தடவை பதில் வந்தது. இரண்டு தீர்ப்புகளையும் எழுதியவர் ஒரே நீதிபதி!

கலிபோர்னியாவில் 1913 முதல், பிரஜையாக முடியாதவர்கள் விவசாய நிலம் வாங்கவும் தடை இருந்தது. ஆகவே அமெரிக்கப் பிரஜைகளாகப் பிறந்த தங்கள் குழந்தைகளின் பெயரில் பலர் நிலம் வாங்கினார்கள். தொட்டில் குழந்தை நிலச்சுவான்தாராயிற்று. உடனே அங்குள்ள பத்திரிகைகள், "இந்தக் குழந்தைகள் ஜப்பான் சக்கரவர்த்தியின் பிரஜைகளும்கூட" என்று கூச்சல் போட்டன. குற்றச்சாட்டில் விஷம் இருந்தாலும் சட்டப்படி பொய் இல்லை. குடியேறியவர்களே தங்கள் தாய்நாட்டு சர்க்காரைக் கெஞ்சினார்கள், "எங்கள் பிள்ளைகளை விட்டுவிடுங்கள்" என்று. 1916-இல் ஜப்பான் பாதி வழி இறங்கி வந்தது. பதினேழு வயதைத் தாண்டிய ஆண்பிள்ளைகள் மட்டும் ராணுவ சேவையை முடிக்காமல் விலக முடியாது என்றது. 1924-இல்தான் முழுவதும் விட்டுக்கொடுத்தது. அமெரிக்கா, கனடா, பிரேஸில், பெரு முதலிய சில நாடுகளில் பிறக்கும் குழந்தைக்கு, பதினான்கு நாளுக்குள் பெற்றோர் கான்ஸல் காரியாலயத்தில் பதிந்தாலொழிய, ஜப்பானியப் பிரஜாவுரிமை கிடையாது என்று சட்டம் செய்தார்கள்.

கவாகிடா பிறந்தது அதற்கு மூன்று வருஷம் முந்தி.

1939-இல் தகப்பனாருடன் பாட்டனாரைப் பார்க்க, அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் ஜப்பானுக்குப் போனார். படிப்பதற்காக அங்கேயே தங்கினார். 1941-இல் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொண்டார். அப்போது அமெரிக்காவுக்கு விசுவாசமாக இருப்பதாகப் பிரமாணமும் செய்தார். சில மாதத்தில் யுத்தம் மூண்டது. 1943 மார்ச் மாதம் தம் பெயரைக் 'கோஸெகி'யில் பதியச் செய்தார்.

கோஸெகி என்பது ஜப்பானியரின் குடும்பப் பதிவேடு. பிறப்பு, கல்யாணம், தத்து, சாவு எல்லாம் குடும்பம் குடும்பமாக அதில் ஏறும். நம் கிராமக் கணக்கில் நிலத்துக்கு என்ன மதிப்போ, அந்த மதிப்பு அங்கே அந்த ஏட்டில் மனிதனுக்கு. அதில் பெயர் இருந்தால் ஜப்பானியன், இல்லாவிட்டால் அந்நியன். பதிந்த பிறகு கவாகிடா ஜப்பானியப் பாஸ்போர்ட்டில் சீனாவுக்குப் போய்வந்தார். காலையில் கிழக்கே திரும்பிச் சக்கரவர்த்தியை வணங்கினார். கியோட்டோ மாகாணத்தில் ஓயெயாமா என்ற இடத்தில் நிக்கல் சுரங்கக் கம்பெனியில் துபாஷி வேலை கிடைத்தது. அங்கே அமெரிக்கக் கைதிகளைக் கொண்டுவந்து வேலை வாங்கினார்கள். பனி உறைந்த சரிவில் கனத்த மரக்கட்டையைத் தூக்கி வந்து விழுந்து முதுகெலும்பு அடிபட்ட ஒரு கைதிக்கு, மணிக்கணக்கில் உதவி போகாமல் அவர் தடுத்தார் என்று பின்னால் கோர்ட்டில் நிரூபணமாயிற்று. ஒரு கைதியை மூங்கில் மேல் மண்டியிடச் செய்து, தலைக்கு மேல் தண்ணீர் வாளியைத் தூக்கிப் பிடிக்க வைத்தார் என்பதும் அப்படியே. இதெல்லாம் மொழிபெயர்ப்பவனின் வேலை அல்ல.

ஜப்பான் தோற்றது. 1945 டிசம்பரில் கவாகிடா யோகோஹாமாவில் அமெரிக்கக் கான்ஸல் முன்னால் போய் நின்று, தாம் அமெரிக்கப் பிரஜை என்று பதிந்துகொள்ளும்படி கேட்டார். சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தார். புதுப் பாஸ்போர்ட் கைக்கு வந்தது. அந்தப் பாஸ்போர்ட்தான் அவரைத் தூக்குமரத்தின் அடி வரையில் கொண்டுபோய் விட்டது.

1948-இல் ராஜத்துரோக வழக்கு நடந்தது. அந்நியன் செய்யும் கொடுமை யுத்தக் குற்றமாகலாம், துரோகமாகாது. சொந்த நாட்டானே துரோகியாக முடியும். ஆகவே வழக்கு முழுவதும் ஒரு கேள்வியைச் சுற்றி வந்தது. 1943 முதல் 1945 வரை இந்த மனிதர் யார்? "கோஸெகியில் பெயர் ஏறியதுமே என் அமெரிக்கப் பிரஜாவுரிமை போய்விட்டது என்று நம்பினேன்" என்பது எதிர்வாதம். "அப்படியானால் யோகோஹாமாவில் சத்தியம் செய்தது என்ன?" என்று சர்க்கார் கேட்டது. ஜூரிகள் பல நாள் கூடிப் பேசிக் குற்றவாளி என்றார்கள். நீதிபதி மரண தண்டனை விதித்தார்.

சுப்ரீம் கோர்ட்டு 1952-இல் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் தண்டனையை உறுதி செய்தது. நீதிபதி டக்ளஸ் எழுதிய தீர்ப்பின் சாரம் இது: இரு நாட்டுப் பிரஜை இரு நாட்டுக்கும் கடமைப்பட்டவன், வாழும் நாட்டின் சட்டம் கட்டாயப்படுத்தியதைச் செய்தால் குற்றமில்லை, கட்டாயத்துக்கு மேலே, தானாக விரும்பிச் செய்ததற்கு அவன் பொறுப்பு. தலைமை நீதிபதி வின்ஸனும் மற்ற இருவரும் மறுத்தார்கள். அந்த இரண்டு வருஷமும் இந்த மனிதரின் ஒவ்வொரு செய்கையும் ஜப்பானின் பக்கமே இருந்தது. தம் பிரஜாவுரிமையை உதறிவிட்டவரைத் துரோகி என்பது எப்படி என்று கேட்டார்கள். கவாகிடாவின் மேல் எனக்கு அனுதாபம் வரவில்லை. ஆனால் வின்ஸனின் கேள்விக்குச் சரியான பதில் சொல்லப்பட்டதாகவும் தோன்றவில்லை. கெட்டவனைத் தண்டிக்க வேண்டும் என்ற ஆசையில் சட்டத்தைச் சற்று வளைத்தால், அடுத்தபடி அது நல்லவன் தலையிலும் விழும்.

விழவும் செய்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்த ஐவா டோகுரி, 1941 ஜூலையில் நோயாளியான அத்தையைப் பார்க்கப் பாஸ்போர்ட் இல்லாமல் ஓர் அடையாளப் பத்திரத்துடன் ஜப்பானுக்குப் போனார். அங்கே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தார். அது வருவதற்குள் யுத்தம் வந்துவிட்டது. அமெரிக்கப் பிரஜாவுரிமையை விட்டுவிடும்படி போலீஸார் எவ்வளவோ நெருக்கியும் அந்தப் பெண் இணங்கவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு டோக்கியோ ரேடியோவில் சேர்ந்தார். 1949-இல் அவருக்கும் ராஜத்துரோகத்துக்காகப் பத்து வருஷத் தண்டனை கிடைத்தது. ஜப்பானியராகப் பதிந்துகொண்டிருந்தால் வழக்கே இருந்திராது! 1977-இல், பதவியிலிருந்து இறங்குவதற்கு முந்தின நாள், ஜனாதிபதி போர்டு அவரை மன்னித்தார். கவாகிடாவின் மரண தண்டனையை 1953-இல் ஐஸன்ஹோவர் ஆயுள் தண்டனையாக்கினார். 1963 அக்டோபரில் கென்னடி, திரும்ப வரவே கூடாது என்ற நிபந்தனையின் பேரில், அவரை விடுவித்து ஜப்பானுக்கு அனுப்பினார்.

இந்தப் பழைய வழக்குகளெல்லாம் இன்றைக்கு எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். 2023-ஆம் ஆண்டுக் கணக்கின்படி சுமார் 13 லட்சம் ஜப்பானியர்கள் வெளிநாட்டில் வசித்தார்கள். அவர்களில் ஐந்து லட்சத்து எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அங்கங்கே நிரந்தர வாசம் செய்யும் அனுமதி பெற்றவர்கள். ஜப்பானியர் அமெரிக்கப் பிரஜையாவதற்கு இருந்த தடை 1952-லேயே நீங்கிவிட்டது. இப்போது தடை வேறு திக்கிலிருந்து வருகிறது. 1950-ஆம் ஆண்டு ஜப்பானியச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, தன் விருப்பத்தால் வேறு நாட்டின் பிரஜையானவன் அந்தக் கணமே ஜப்பானியப் பிரஜாவுரிமையை இழக்கிறான் என்கிறது. நம் அரசியல் சட்டத்தின் 9-ஆவது ஷரத்தும் இதே தோரணைதான். நாமாவது பிற்காலத்தில், வெளிநாட்டுப் பிரஜையாகிவிட்ட நம்மவர்களுக்கென்று ஒரு தனி அட்டை போட்டுக் கொடுத்தோம். அவர்கள் அதுவும் செய்யவில்லை. பௌதிக விஞ்ஞானி நாம்புவும், 2021-இல் நோபல் பரிசு பெற்ற மனாபேயும் இப்படி அமெரிக்கரானவர்கள். பரிசுச் செய்தி வந்ததும் ஜப்பானியப் பத்திரிகைகள் அவர்களை நம்மவர் என்று கொண்டாடின. கோஸெகியின் கணக்கோ வேறு.

1985 முதல் தாய் வழியிலும் பிரஜாவுரிமை வந்தது நல்ல காரியம். அதோடு, பிறப்பால் இரண்டு உரிமை உள்ளவர் இருபத்திரண்டு வயதுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. 2022-இல் அதை இருபது ஆக்கினார்கள். அதற்கு முன்பே இரண்டையும் வைத்திருந்தவர்கள் ஜப்பானைத் தேர்ந்தெடுத்ததாகவே கருதப்பட்டார்கள். இதனால் தப்பியவர்களில் ஒருவர் பெரு நாட்டு ஜனாதிபதி புஜிமோரி. 2000-ஆம் ஆண்டில் டோக்கியோவிலிருந்து ராஜினாமாவை அனுப்பிவிட்டு அங்கேயே தங்கினார். 1938-இல் லிமாவில் அவர் பிறந்தபோது பெற்றோர் கான்ஸலிடம் பதிந்துவைத்திருந்தார்கள். ஆகவே அவர் ஜப்பானியரே என்று சர்க்கார் அறிவித்தது. பெரு கேட்டும் ஒப்படைக்கவில்லை. ஒரு நாட்டுக்குப் பத்து வருஷம் தலைவராக இருந்தவருக்குப் பொருந்திய தயவு, ஸ்விட்ஸர்லாந்தில் தொழில் நடத்துவதற்காக அந்நாட்டுப் பிரஜையான வியாபாரிக்குப் பொருந்தவில்லை. ஐரோப்பாவில் வசிக்கும் அத்தகைய சிலர் 11-ஆவது பிரிவை எதிர்த்து 2018-இல் டோக்கியோவில் வழக்குப் போட்டார்கள். 2021-இல் தோற்றார்கள், மேல் கோர்ட்டிலும் தோற்றார்கள், 2023 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் கைவிரித்துவிட்டது.

பெரும்பாலோர் கோர்ட்டுக்குப் போவதில்லை. ஊரில் வயதான தாயார் இருக்கிறாள். அமெரிக்காவின் நிரந்தர வாச அட்டையை வைத்துக்கொண்டு, முன் அனுமதியில்லாமல் ஒரு வருஷத்துக்கு மேல் அவள் பக்கத்தில் இருந்தால் அட்டைக்கு ஆபத்து. அமெரிக்கப் பிரஜையாகிவிட்டால் அந்தப் பயமில்லை. ஆனால் தாயார் வீட்டுக்கு அந்நியராகப் போக வேண்டும். 2020-இல் தொற்றுநோய்க்காக ஜப்பான் எல்லையை அடைத்தபோது, இப்படி அந்நியரானவர்கள் விசாவுக்காகக் காத்துக் கிடந்தார்கள். இரண்டையும் ரகசியமாக வைத்துக்கொள்ளலாமென்றால், பாஸ்போர்ட் ஆயுள் பத்து வருஷம். புதுப்பிக்கக் கான்ஸல் காரியாலயத்துக்குப் போகத்தான் வேண்டும். அந்நிய நாட்டுப் பிரஜாவுரிமை உண்டா என்று விண்ணப்பத் தாளில் கேள்வி இருக்கிறது; பொய் எழுதினால் குற்றம். "இந்த நாட்டில் எந்த அனுமதியின் பேரில் வசிக்கிறீர்கள்?" என்று கேட்டு, அத்தாட்சியையும் காட்டச் சொல்கிறார்கள். வாச அட்டையை எடுத்து நீட்டினால் புதுப் பாஸ்போர்ட். அட்டை இல்லாமல் பத்து வருஷம் அங்கே எப்படி இருந்தார் என்பதற்கு ஒரே விடைதான் உண்டு. அந்த விடையைச் சொல்பவருக்கு வேறொரு தாள் தருகிறார்கள். ஜப்பானியப் பிரஜாவுரிமையை இழந்தேன் என்று தாமே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டிய தாள் அது. அதைப் பார்த்துத்தான் கோஸெகியிலிருந்து பெயரை எடுப்பார்கள்.